சுங்கை சிப்புட்டில் டிஜிட்டல் வானொலி: சில வருடம் கேட்டுப் பார்த்த பிறகு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட் டவுனில் ரேடியோ, டிவி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் செம்பனைத் தோட்டத்து ஆட்கள். மீதிப் பேர் தோட்டம் கைமாறியபோது லயத்தை, அதாவது தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளைக் காலி செய்துவிட்டுத் தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு வந்தவர்கள். 'டிஜிட்டல் ரேடியோ நல்லாருக்குமா?' என்ற கேள்வி வாரத்துக்கு ஒருமுறையாவது வந்துவிடுகிறது. டிவியோடு இணைக்கும் டிகோடர் பெட்டியில் வரும் வானொலி, போன் செயலி, டிஜிட்டல் அலையில் வரும் நிலையங்களைப் பிடிக்கும் டிஏபி பிளஸ் செட் மூன்றையும் சில வருடமாக வீட்டிலும் கடையிலும் ஓடவிட்டுப் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் டிகோடர் பெட்டி. 2019-இல் நாடு முழுக்க அனலாக் டிவியை அணைத்தபோது எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு டிகோடர் வந்தது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசாங்கமே இலவசமாகக் கொடுத்தது. அந்தப் பெட்டியில் டிவி சேனல்களைத் தாண்டிப் போனால் அரசாங்க ஒலிபரப்பு நிறுவனமான ஆர்டிஎம்மின் வானொலிகள் இருக்கின்றன, அதன் தமிழ் நிலையமான மின்னல் எஃப்எம் உட்பட. இது பலருக்கு இன்னும் தெரியாது. மாதக் கட்டணம் இல்லை, டேட்டாவும் செலவாகாது. என் வீட்டில் எஃப்எம்மில் இருந்த லேசான இரைச்சல்கூட இதில் இல்லை. டிஜிட்டல் என்று சொல்லிக்கொண்டு வந்தவற்றில் எங்கள் ஊருக்கு உருப்படியாகக் கிடைத்தது இதுதான் என்பேன்.

ஆனால் இதைக் கேட்க டிவி எரிய வேண்டும். தோட்டத்திலிருந்து வரும் பாட்டி ஒருவர் கடைக்கு வந்து, "தம்பி, டிவிய அமத்துனா பாட்டும் சேர்ந்துல்ல போயிடுது. விடியக்காலையில பெரட்டுக்குப் போற புள்ளைங்களுக்குச் சோறாக்கும்போது எனக்கு எதுக்குய்யா அம்மாம் பெரிய வெளிச்சம்?" என்று கேட்டார். கேள்வி நியாயம்தான். சாதாரண 32 அங்குல டிவி 40, 50 வாட் இழுக்கும். டிகோடர் மட்டும் என்றால் பத்து வாட்டுக்குள் அடங்கும். அதனால் டிகோடரின் பின்பக்கத்துச் சிவப்பு, வெள்ளை ஒயர்களை வீட்டில் சும்மா கிடந்த பழைய ஆம்ப்ளிஃபயரில் மாட்டிக் கொடுத்தேன். டிவியை ஒருமுறை போட்டுச் சேனலைத் தேர்ந்துவிட்டு அணைத்துவிடலாம், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். சில பெட்டிகள் மூன்று நான்கு மணி நேரத்தில் தானாகத் தூங்கிவிடும். அமைப்புக்குள் போய் அதை நிறுத்த வேண்டும். எண்பது வயதில் யார் அமைப்புக்குள் போவார்கள் என்று கேட்காதீர்கள், பேரப்பிள்ளைதான் போக வேண்டும்.

கட்டணச் செயற்கைக்கோள் டிவிக்கான தட்டு வைத்திருக்கும் வீடுகளில் தனியார் தமிழ் வானொலியான ராகாவும் அதிலேயே கிடைக்கும். பேய்மழை வந்தால் தட்டு படுத்துவிடும், அது எல்லோருக்கும் தெரிந்ததே.

அடுத்தது போன். இளவட்டங்கள் எல்லாம் இதில்தான். ஆர்டிஎம் நிலையங்களுக்கு ஆர்டிஎம் கிளிக் செயலி, ராகாவுக்கு சியோக் செயலி. ஒலி அருமை, நிலையங்களுக்கும் பஞ்சமில்லை. செலவைக் கணக்குப் போட்டால் நொடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் வரும் ஒலி மணிக்கு ஏறத்தாழ 29 எம்பி தின்னும். நாளுக்கு நாலு மணி நேரம் கேட்டால் மாதம் மூன்றரை ஜிபி ஆகிறது. வைஃபை உள்ள வீட்டில் இது ஒரு பொருட்டில்லை. பிரீபெய்ட் சிம்மை வாரா வாரம் டாப்அப் செய்கிறவருக்கு வானொலி கேட்பதே ஒரு மாதச் செலவாகிவிடுகிறது. 2021 கடைசியில் 3ஜி சேவையை மூடியதில் பழைய போன் வைத்திருந்த பெரியவர்களுக்கு இந்த வாசலும் அடைபட்டது.

தாமதம் இன்னொன்று. எந்தச் செயலியாக இருந்தாலும் எஃப்எம்முக்குப் பின்னால்தான் ஓடும். என் கடையில் ஒரு பக்கம் எஃப்எம்மும் மறுபக்கம் போனும் ஓடினால், மணி அடிக்கும் ஓசை போனில் அரை நிமிடம் கழித்து வரும். பாட்டுக்கு இதனால் ஒன்றும் குறையில்லை. ஆனால் 'இப்போது அழைக்கலாம்' என்று அறிவிப்பாளர் சொல்லும் போட்டியில், செயலியில் கேட்பவர் எண்ணை அழுத்தும்போது வேறொருவர் பரிசை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிக்கொண்டிருப்பார்.

இனி டிஏபி பிளஸ். டிஜிட்டல் வானொலி என்று பல நாடுகளில் சொல்வது இதைத்தான். இங்கிலாந்தில் இருக்கும் அக்கா மகள் விடுமுறைக்கு வந்தபோது கையடக்கச் செட் ஒன்று கொண்டுவந்து கொடுத்தாள். சுங்கை சிப்புட்டில் தேடவிட்டால் ஒரு நிலையம்கூடச் சிக்காது. இங்கே அது வெறும் எஃப்எம் செட், அதுவும் பேட்டரியை வேகமாகத் தீர்க்கும் எஃப்எம் செட். கோலாலம்பூருக்கு எடுத்துப் போனபோதுதான் உயிர் வந்தது. ஆர்டிஎம் கிள்ளான் பள்ளத்தாக்கில் சோதனையாக அனுப்பிய நிலையங்கள் பெயரோடு வரிசையாகத் திரையில் வந்தன. அலைவரிசை எண்ணைத் தேடித் திருக வேண்டியதில்லை, பெயரைத் தொட்டால் போதும். மின்னல் எஃப்எம்மை இன்னமும் 'ரேடியோ ஆறு' என்று சொல்லும் என் சித்தப்பாவுக்கு மட்டும் அந்தப் பெயர்ப் பட்டியல் உதவவில்லை.

ஒலித்தரத்தைப் பற்றி விற்பனைக்காரர்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு டிஏபி அலை ஏறத்தாழ 1.5 மெகாஹெர்ட்ஸ் அகலம். அதற்குள் பன்னிரண்டு, பதினைந்து நிலையங்களை அடுக்குவார்கள். அதிகம் பேரை ஏற்றினால் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் இடம் சுருங்கும். பிரிட்டனில் பழைய டிஏபி முறையில் நிறைய நிலையங்கள் ஒற்றைத் தட ஒலியான மோனோவுக்கே இறங்கின. பிளஸ் முறையின் ஒலிச்சுருக்கம் எவ்வளவோ மேல். இருந்தும் இடத்தை ரொம்பக் குறைத்தால் பேச்சு தப்பித்துவிடும், நாதஸ்வரம்தான் மாட்டிக்கொள்ளும். மேல் ஸ்தாயியில் ஒரு கரகரப்பு சேரும், தவிலின் வலந்தலை அடி மழுங்கும். காலையில் மங்கள இசை கேட்கிறவர் காது இதை உடனே பிடித்துவிடும்.

எங்கள் ஊருக்கு இதைவிடப் பெரிய விஷயம் மலை. ஈப்போவின் கிளேடாங் மலையிலிருந்து வரும் அலை எங்கள் சுண்ணாம்புக் குன்றுகளைச் சுற்றித்தான் வர வேண்டும். குன்றுக்குப் பின்னால் இருக்கும் லயங்களில் எஃப்எம் இரையும், ஒரு சொல் விழும், ஒரு சொல் வரும், ஆனாலும் செய்தி புரிந்துவிடும். டிஜிட்டல் அலைக்கு இந்த இடைநிலை கிடையாது. வந்தால் முழுதாக வரும். கொஞ்சம் பலம் குறைந்தால் குமிழ் குமிழாக உடைந்து, அதற்கும் கீழே போனால் அமைதியாகிவிடும். டிகோடரிலேயே இதைப் பார்க்கலாம். டவுனில் ஜன்னலோர ஏரியல் போதும், அந்த லயங்களில் கூரைமேல் கம்பம் நட்டு உயர்த்தினால்தான் வரும்.

2021 டிசம்பர் வெள்ளத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மின்சாரமும் போன் கோபுரங்களும் பல இடங்களில் போய்விட்டன. அப்போது ஷா ஆலாம் பக்கம் இருந்த என் உறவினர் வீட்டில் மாடியில் உட்கார்ந்தபடி வெளியுலகச் செய்தி கேட்டது இரண்டு பேட்டரி போட்ட எஃப்எம் செட்டில். அந்த நேரத்தில் செயலி கைகொடுக்காது.

நிலையங்களின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். பெரிய நிறுவனத்துக்கு டிஏபி லாபம்தான். ஒரே டிரான்ஸ்மிட்டரில் பத்துப் பதினைந்து நிலையங்கள் போகும்போது மின்சாரமும் பராமரிப்பும் பங்காகின்றன. நார்வே 2017-இல் தேசிய எஃப்எம்மை அணைத்ததற்குச் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. ஆனால் அங்கேயும் சிறிய உள்ளூர் நிலையங்களை எஃப்எம்மிலேயே விட்டுவிட்டார்கள். ஒரு பேட்டைக்குப் பேசும் நிலையம் மாநிலம் முழுக்கப் பரவும் அலையில் இடம் வாடகைக்கு எடுத்து என்ன செய்யும்? சிங்கப்பூர் 1999-இலேயே டிஏபி தொடங்கி 2011-இல் மூடிவிட்டது. செட் வாங்க ஆள் போதவில்லை. பக்கத்து வீட்டில் நடந்த இந்தக் கதையை நம் ஊரில் யாரும் சொல்வதே இல்லை.

எங்கள் ஊரில் தமிழுக்கென்று உள்ளூர் எஃப்எம் கிடையாது. மலேசியத் தமிழ் வானொலி என்றால் தேசிய அளவில் பேசுவதுதான். சில வருடம் முன்பு தாமான் பிள்ளைகள் சிலர் சேர்ந்து இணைய வானொலி நடத்தினார்கள். ஒரு லேப்டாப், ஒரு மைக், மாத வாடகைக்கு ஒரு சர்வர், அவ்வளவுதான் முதலீடு. கோயில் திருவிழாவை நேரலையாகக் கொடுத்தார்கள். கேட்டவர்கள் யார் என்று பார்த்தால் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் வேலைக்குப் போன எங்கள் ஊர்ப் பிள்ளைகள். ஊரில் இருந்தவர்களுக்குக் கோயில் ஒலிபெருக்கியே போதுமாக இருந்தது. தோட்டத்துப் பெரியவர்களுக்கு அப்படி ஒரு வானொலி இருந்ததே தெரியாது. பிள்ளைகளுக்கு வேலை மாற்றம் வந்ததும் அது நின்றுவிட்டது. வெளியூரில் இருக்கிறவனுக்கு ஊரைக் கொண்டுபோய்க் கொடுக்க இணையம் அருமையான வழி. ஊருக்குள் இருக்கிறவனுக்கு ஊரைச் சொல்ல அது உதவவில்லை.

அந்த இடத்துக்குப் பொருந்தக்கூடியது பிரிட்டனில் வந்த சிற்றளவு டிஏபி. 2012-இல் பிரைட்டனில் சாதாரணக் கணினியும் இலவச மென்பொருளும் வைத்துச் சோதித்து, 2015-இல் பத்து இடங்களுக்கு விரித்து, பிறகு உரிமம் கொடுக்க ஆரம்பித்தார்கள். குறைந்த சக்தி டிரான்ஸ்மிட்டர் ஒன்று ஒரு டவுனை மட்டும் மூடும், அதற்குள் பல சின்ன நிலையங்கள் செலவைப் பிரித்துக்கொள்ளும். தமிழ், மலாய், சீனம், பள்ளிக்கூடம், கோயில், கூட்டுறவுச் சங்கம் எல்லாம் ஒரே பெட்டியில் போகலாம். தொழில்நுட்பத்தில் இங்கே தடை எதுவும் எனக்குத் தெரியவில்லை. தடை 1998 தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின்கீழ் வாங்க வேண்டிய உரிமத்திலும், கேட்பவர் கையில் செட் இல்லாததிலும்தான் இருக்கிறது.

எஃப்எம்மில் பெருஞ்செலவு அனுப்புகிறவருடையது. கேட்கிறவர் முப்பது நாற்பது வெள்ளி (ரிங்கிட்) விலையுள்ள செட்டோடு வருடக்கணக்கில் ஓட்டிவிடலாம். டிஜிட்டலில் செலவின் ஒரு பங்கு மெதுவாகக் கேட்கிறவர் பக்கம் நகர்கிறது: புது செட், டேட்டா, கூரைமேல் ஏரியல், காருக்கு இன்னொன்று. என் பழைய மைவி காரில் டிஏபி கிடையாது, கப்சாய் மோட்டார்சைக்கிளில் தோட்டத்துக்குப் போகிறவரிடம் அதைப் பேசவே வேண்டாம். நகரத்தில் வசதியுள்ளவருக்கு இந்த நகர்வு தெரியாது. லயத்தில் இருப்பவர் முதல் மாதமே உணர்ந்துவிடுவார். நிலையத்துக்கு மிச்சமாகிறது என்பதற்காக எஃப்எம்மை அணைக்கலாம் என்று யாராவது சொன்னால், மிச்சமான காசில் தோட்டத்துக்கு எத்தனை செட் வரும் என்றுதான் முதலில் கேட்பேன்.

எஃப்எம் செட் விற்க இப்படி எழுதுகிறான் என்று நினைக்காதீர்கள், அதில் கிடைக்கும் லாபத்தில் ஒட்டுக்கடையில் ஒரு தே தாரேகூட வராது. ஆன்லைனில் டிஏபி பிளஸ் செட் பார்த்துவிட்டு வாங்கலாமா என்று கேட்பவரிடம், எந்த ஊரில் வைத்துக் கேட்கப் போகிறீர்கள் என்று கேட்கிறேன். கோலாலம்பூரில் மகன் வீட்டுக்கு என்றால் வாங்கலாம், சோதனை ஒலிபரப்பு இன்னும் ஓடுகிறதா, செட்டில் எஃப்எம்மும் சேர்ந்து இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சுங்கை சிப்புட்டுக்கு என்றால் இப்போதைக்கு வேண்டாம், வீட்டில் இருக்கும் டிகோடரையும் பழைய ஸ்பீக்கரையும் கொண்டுவாருங்கள். எஃப்எம் இரைகிறது என்று செட்டைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஆன்டெனாவைப் பாருங்கள், பெரும்பாலும் பாதியில் முறிந்திருக்கும். 75 சென்டிமீட்டர் செப்புக் கம்பி ஒன்றை அந்த முறிந்த இடத்தில் இறுகச் சுற்றி ஜன்னல் பக்கம் விட்டால் பாதி இரைச்சல் போய்விடும், அதற்கு நான் காசு வாங்குவதில்லை.