குடியாத்தம் தீக்குச்சிக்கு ஒரு முறை, ராணிப்பேட்டை குரோமியத்துக்கு வேறு முறை

"சார், வேதிச் சமன்பாட்டை எந்த முறையில சமன் செஞ்சா தப்பே வராது?" வாலாஜாவில் டியூஷன் எடுக்கும் என்னிடம் பிளஸ் ஒன் பிள்ளைகள் வருடம் தவறாமல் கேட்கும் கேள்வி இது. வினையைப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல மாட்டேன்.

குடியாத்தம் தீப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். குச்சித் தலையில் இருக்கும் பொட்டாசியம் குளோரேட், சூட்டில் சிதைந்து பொட்டாசியம் குளோரைடும் ஆக்சிஜனும் தருகிறது. குளோரேட்டில் ஆக்சிஜன் அணு 3. வெளிவரும் மூலக்கூறில் 2. பொது மடங்கு 6. ஆக 2 குளோரேட், 2 குளோரைடு, 3 ஆக்சிஜன். கண்ணால் பார்த்தே முடிந்துவிட்டது. இதற்கு எலக்ட்ரான் கணக்கு வேண்டவே வேண்டாம்.

தோல் பதனிடும் குரோம் உப்பைச் செய்ய சோடியம் டைகுரோமேட்டைச் சல்பர் டைஆக்சைடால் ஒடுக்குவார்கள். இங்கே ஆக்சிஜனேற்ற எண் முறை சுருக்கமானது. அணு எலக்ட்ரானை இழந்தால் இந்த எண் ஏறும், பெற்றால் இறங்கும்; ஏற்றமும் இறக்கமும் சமமாக வேண்டும். இரண்டு குரோமியம் சேர்ந்து 6 இறங்குகிறது, ஒரு கந்தகம் 2 ஏறுகிறது, எனவே சல்பர் டைஆக்சைடு 3.

சிக்கல் ராணிப்பேட்டையில்தான். மூடிய குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவில் இருப்பது நச்சான 6+ குரோமியம். அமிலக் கரைசலில் அன்னபேதி, அதாவது பெரஸ் சல்பேட், அதை 3+ ஆக்கும். இதை ஒரு மாணவி கண்பார்வையில் சமன் செய்தாள்: 1 டைகுரோமேட் (6+ குரோமியம் இரண்டும் ஆக்சிஜன் ஏழும் சேர்ந்த 2− அயனி), 1 பெரஸ் (2+ இரும்பு), 14 ஹைட்ரஜன் அயனி, வலப்பக்கம் 2 குரோமியம் (3+), 1 பெரிக் (3+ இரும்பு), 7 நீர். அணுக்கள் எல்லாம் சரி! மின்சுமையை எண்ணினால் இடப்பக்கம் +14, வலப்பக்கம் +9.

கெழுக்களை, அதாவது ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் வரும் எண்களை, x, y என்று வைத்துத் தீர்க்கும் இயற்கணித முறையும் இதே இடத்தில் சறுக்கும். அணுக்களுக்கு மட்டும் சமன்பாடு எழுதினால் இரும்பின் கெழு எதுவாகவும் இருக்கலாம்; மின்சுமைக்கும் ஒன்று எழுதினால்தான் 6 என்று வரும். கணக்கு பிடித்த பிள்ளைகளுக்கு ஏற்ற முறை, ஆனால் எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போனது என்பதை அது காட்டாது.

வினையை எலக்ட்ரான் கொடுக்கும் பாதி, வாங்கும் பாதி என்று பிரித்து எழுதும் அரைவினை முறை அதைத்தான் முதலில் காட்டுகிறது. டைகுரோமேட் 6 எலக்ட்ரான் வாங்குகிறது, ஒரு பெரஸ் ஒன்றுதான் கொடுக்கிறது. எனவே 6 பெரஸ். இரு பக்கமும் +24. கார ஊடகத்தில் ஹைட்ராக்சைடு சேர்க்கும்போது கொஞ்சம் தடுமாறுவார்கள், பழகினால் சரியாகிவிடும். அயனி வினை என்றால் என் ஓட்டு இதற்கே.

ஒரு கிலோ 6+ குரோமியத்துக்கு ஏறத்தாழ 16 கிலோ அன்னபேதிப் படிகம் வேண்டும். அந்த மாணவியின் கெழுப்படி போட்டால் 2.7 கிலோதான் வரும். குரோமியத்தில் ஆறில் ஐந்து பங்கு நச்சாகவே தண்ணீரில் நிற்கும்.