கும்பப்பூவுக்கு எந்தக் கண்?

நாஞ்சில் நாட்டில் கும்பப்பூ எனப்படும் இரண்டாம் போக நெல்லின் நடவு நடக்கும் ஐப்பசியில் வானம் தெளிவது அரிது என்பதால், இரு செயற்கைக்கோள்கள் சேர்ந்து 5 நாளுக்கொரு முறை 10 மீட்டர் நுணுக்கத்தில் எடுக்கும் சென்டினல்-2 படங்களில் பலவும் வெறும் மேகமாகவே இருக்கும். அதே வரிசையின் ரேடார் செயற்கைக்கோளான சென்டினல்-1 அப்படியன்று, ஏறத்தாழ 5.5 சென்டிமீட்டர் நீளமுள்ள அதன் ரேடார் அலைக்கு மேகமும் இரவும் தடையில்லை. தொளி கலக்கி நீர் நிற்கும் வயல், அலையைக் கண்ணாடிபோல் அப்பால் திருப்பிவிடுவதால் படத்தில் கறுப்பாகத் தெரியும். நாற்று வேர்பிடித்துத் தூர் கட்டக் கட்ட அந்தக் கறுப்பு வெளுக்கும். குளமும் கறுப்புதான் என்பதால், ஒற்றைப் படத்தை நம்பி முடிவுசெய்வது ஆபத்து.

குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்கோ, தையை ஒட்டிய இலையுதிர்வைச் சிவப்பு, அகச்சிவப்பு ஒளிகளின் ஏற்றத்தாழ்வில் காட்டும் சென்டினல்-2தான் மேல். அங்குள்ள மலைச்சரிவில் ரேடார் படம் நிழலும் சாய்வுமாகக் குழம்பிவிடும்.