உடனே பாய்வதா, முறை கேட்டுப் பேசுவதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கோயில் பொதுக்கூட்டம். காவடித் திருவிழாச் செலவில் சந்தேகம். "பொய்க் கணக்கு!" என்று எழுந்து கத்தினால் ஆத்திரம் தீரும், கணக்கைப் பற்றிய பேச்சு அத்தோடு போய், யார் யாரை அவமதித்தார் என்பதே நிற்கும். தலைவரிடம் முறை கேட்டு, ரசீதைக் காட்டி, "ஐயா, பந்தலுக்கு ஏன் இரண்டு தடவை பணம்?" என்றால் நழுவ வழியில்லை. என் வாக்கு இதற்கே. கேள்வியின் கூர்மை துளியும் குறைவதில்லை.

பாய்ந்தவரே பின்னால் தவறை ஒப்புக்கொண்ட கதையும் உண்டு. 1908 பிப்ரவரியில், இந்தியர்கள் தாமாகவே பதிவு செய்துகொள்வதென்று டிரான்ஸ்வால் அரசின் அமைச்சர் ஸ்மட்ஸுடன் செய்த உடன்பாட்டுக்காக, ஜோகன்னஸ்பர்க்கில் மீர் ஆலம் என்ற பட்டாணியரும் கூட்டாளிகளும் காந்தியைத் தாக்கினார்கள். உடனிருந்த போராட்டத் தோழர் தம்பி நாயுடுவுக்கும் அடி. வழக்கு வேண்டாம் என்றார் காந்தி. ஆகஸ்ட் 16 அன்று, உடன்பாடு முறிந்ததால் இந்தியர்கள் தங்கள் பதிவுச் சான்றுகளை எரித்த கூட்டத்தில், மீர் ஆலமே முன்வந்து, அடித்தது தவறு என்று சொல்லித் தம் பெர்மிட்டையும் எரிக்கக் கொடுத்ததாகக் காந்தி எழுதியிருக்கிறார்.