இன்வென்டரியில் இரட்டைப் பதிவு: ஹோஸ்ட்நேமா, மேக் அட்ரஸா, சீரியலா?

அலுவலகக் கணினிகளைப் பட்டியலிடும் இன்வென்டரி மென்பொருள் கணினிகளைக் குழப்பிக்கொள்வதில் இரண்டு வகை உண்டு. ஒரே கணினி இரண்டு பதிவாக நிற்பது ஒன்று. இரண்டு கணினிகள் ஒரே பதிவுக்குள் புகுந்து மாறி மாறி அழித்து எழுதுவது மற்றொன்று. முதலாவது வெறும் தொல்லை. கூடுதல் வரியை நீக்கினால் சரியாகிவிடும். இரண்டாவதுதான் வம்பு. பட்டியலிலேயே இல்லாத கணினியில் பேட்ச் ஏறியதா, லைசென்ஸ் இருக்கிறதா என்று யார் கேட்கப்போகிறார்கள்? ஆகவே ஓர் அடையாளம் தவறினால் எந்தப் பக்கம் தவறும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கணினிக்கு நாம் வைக்கும் பெயரான ஹோஸ்ட்நேமை, நிர்வாகி உரிமை உள்ள எவரும் மாற்றலாம். நெட்வொர்க்கில் விண்டோஸ் பயன்படுத்தும் பழைய வகைப் பெயரான நெட்பயாஸ் பெயருக்கு 15 எழுத்துதான் இடம். கிளை, துறை, எண் என்று நீட்டி வைத்தால் கடைசியில் உள்ள எண்தான் வெட்டுப்படும், இரண்டு கணினிக்கு ஒரே பெயர் வந்துவிடும்.

நெட்வொர்க் கார்டின் முகவரியான மேக் அட்ரஸ் ஒரு காலத்தில் நம்பகமாகத்தான் இருந்தது. இன்றைய மெல்லிய லேப்டாப்களில் லேன் போர்ட்டே இல்லை. மீட்டிங் அறையில் ஒரு யூஎஸ்பி டாங்கிள் கைமாறிக்கொண்டே இருக்கும். மேக் அட்ரஸ் டாங்கிளுக்குச் சொந்தம் என்பதால், அதைச் செருகுகிற லேப்டாப் எல்லாம் ஒரே ஆளாகத் தெரியும். வைஃபையில் ரேண்டம் அட்ரஸ் இயங்கினால் எதிர்ப்பக்கம் தவறும்: ஒரே லேப்டாப் பல பதிவாகும். முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ இவற்றில் ஒன்றாக இருந்தால் அது தொழிற்சாலையில் பதித்தது அல்ல, மென்பொருள் வைத்தது. விபிஎன் அடாப்டர்களின் முகவரியும் மென்பொருள் வைப்பதுதான்.

பிராண்டட் கணினிக்கு சீரியல் நம்பர்தான் முதல் தேர்வு. பெங்களூரு எஸ்பி ரோட்டில் பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்த சிஸ்டம் என்றால் கதையே வேறு. மதர்போர்டில் உள்ள அடிப்படை மென்பொருளான பயாஸில், சீரியல் இருக்க வேண்டிய இடத்தில் ‘டு பி ஃபில்ட் பை ஓஇஎம்’ அல்லது ‘டிஃபால்ட் ஸ்ட்ரிங்’ என்றுதான் பெரும்பாலும் இருக்கும். நிரப்ப வேண்டிய தயாரிப்பாளர் நிரப்பவே இல்லை! இப்படிப் பத்து சிஸ்டம் இருந்தால் மென்பொருள் பத்தையும் ஒன்றாக்கிவிடும். பிராண்டட் என்றாலும், சர்வீஸில் மதர்போர்டு மாற்றியவர் சீரியலைத் திரும்ப எழுதாமல் விட்டிருக்கலாம்.

மதர்போர்டில் பதிந்திருக்கும் அடையாள எண்ணான யூயூஐடி 128 பிட் நீளம், உலகில் ஒன்றே ஒன்று என்பது ஏற்பாடு. ஆனால் 03000200-0400-0500-0006-000700080009 என்ற மதிப்பு பல மலிவு போர்டுகளில் அப்படியே வருகிறது. பார்த்தால் அசல் போலவே இருப்பதால் ‘டிஃபால்ட் ஸ்ட்ரிங்’கைவிட இது மோசம். மெய்நிகர் கணினியை நகலெடுத்துவிட்டு, விஎம்வேர் கேட்கும்போது ‘நகர்த்தினேன்’ என்று பதில் சொன்னாலும் பழைய யூயூஐடியே தொடரும்.

ஒவ்வொரு கணினியிலும் ஓடித் தகவல் அனுப்பும் ஏஜென்ட் தானே உருவாக்கும் ஐடியில், பல கணினிகளில் நகலெடுக்க வைத்திருக்கும் மாஸ்டர் இமேஜ்தான் வில்லன். ஓசிஎஸ் இன்வென்டரி என்ற மென்பொருள் கணினிப் பெயரையும் தேதி, நேரத்தையும் சேர்த்து ஐடி அமைக்கிறது. ஏஜென்ட் ஒருமுறை ஓடிய பிறகு இமேஜ் எடுத்தால் அந்த ஐடியும் இமேஜோடு பயணிக்கும். இமேஜைத் தயார்செய்யும் சிஸ்பிரெப் கருவி விண்டோஸின் அடையாளத்தைத்தான் மாற்றும், ஏஜென்டின் கோப்பைத் தொடாது. வாடகை லேப்டாப் மொத்தமாக வந்து இறங்கும் அலுவலகங்கள் இதை முதலில் சந்தேகிக்கலாம்.

என் வரிசை இது: சீரியலும் யூயூஐடியும் சேர்ந்து பொருந்தினால் மட்டும் ஒன்றாக்கு, மேக் அட்ரஸ் வெறும் துப்பு. அசெம்பிள் சிஸ்டங்களுக்கு மட்டும், கேபினெட்டில் ஒட்டிய அசெட் எண்ணையே 15 எழுத்துக்குள் ஹோஸ்ட்நேமாக வைத்துவிடுவேன். அங்கே அதைவிட உறுதியானது வேறில்லை.

எதைத் தேர்ந்தாலும், முதலில் பதிவுகளைத் தானாக ஒன்றாக்கும் வசதியை நிறுத்துங்கள். அப்புறம் சீரியல், யூயூஐடி நெடுவரிசைகளை வரிசைப்படுத்தி, ஒன்றுக்கு மேற்பட்ட கணினியில் வரும் குப்பை மதிப்புகளைத் தடைப்பட்டியலில் சேருங்கள். ஜிஎல்பிஐ என்ற மற்றொரு இன்வென்டரி மென்பொருளில் இரண்டுக்கும் அந்த வசதி இருக்கிறது, ஓசிஎஸில் சீரியலுக்கு இருக்கிறது.