ஃபேக்டர் கமாண்ட்: லினக்ஸ்ல சும்மாவே கெடக்குற பொக்கிஷம்

எண்ணை காரணிப்படுத்த பெரிய மேத்ஸ் சாஃப்ட்வேர் எதுவும் தேடாதீங்க, லினக்ஸ் டெர்மினல்ல factorனு டைப் பண்ணி ஒரு ஸ்பேஸ் விட்டு நம்பரை போட்டா போதும், ஜிஎன்யூங்கற இலவச மென்பொருள் தொகுப்போட ஃப்ரீயா வர்றது.

நான் போட்டுப் பாத்தது 147573952589676412927. 21 இலக்கம், அதாவது 2ன் அடுக்கு 67லேர்ந்து ஒண்ணு கம்மி, பைனரில எழுதினா வரிசையா 67 ஒண்ணு. 1644ல மெர்சென்ங்கற பிரெஞ்சு கணித அறிஞர் இதை பகா எண்ணுன்னு லிஸ்ட்ல போட்டுட்டார், 1876ல லூகாஸ்ங்கற இன்னொரு கணித அறிஞர் இல்லைன்னு நிரூபிச்சார், ஆனா காரணி என்னன்னு அவருக்கும் தெரியல. 1903ல கோல்ங்கற கணித அறிஞர்தான் அமெரிக்க கணித சங்க கூட்டத்துல கண்டுபிடிச்சு சொன்னார்.

எண்டர் தட்டின கையை எடுக்குறதுக்குள்ள 193707721, 761838257287னு ரெண்டும் வந்து நிக்குது!! உண்மையிலேயே சிலிர்த்துடுச்சு. இன்னொரு அழகு, ரெண்டையும் 134ஆல, அதாவது 67ஓட ரெண்டு மடங்கால, வகுத்துப் பாருங்க, மீதி 1தான் வரும், 67 பகா எண்ங்கறதால இந்த எண்ணோட எந்தக் காரணியா இருந்தாலும் அப்படித்தான் வந்தாகணும்.

உள்ள போலார்ட் ரோன்னு ஒரு முறை ஓடுது, சின்ன காரணி எவ்ளோ சின்னதோ அவ்ளோ சீக்கிரம் சிக்கிடும், அதனால ரெண்டு காரணியுமே ரொம்பப் பெருசா இருக்குற நூறு இலக்க எண்ணெல்லாம் குடுத்தா நகராது, அதுக்கு வேற டூல் வேணும். விடை மட்டும்தான் காட்டும், ஸ்டெப்ஸ் கிடையாது. ப்ளஸ் டூ பசங்க இருக்குற வீட்டுல கண்டிப்பா காட்டுங்க, அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார்.