எங்கேஜ் 8200: உடையும் பிபிக்கு நல்ல சேர்மானம்

ஹோமோபாலிமர் பிபியில் (புரோப்பிலீன் மட்டுமே கொண்ட பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக்) அடித்த கிரேட் பெட்டி, கோல்ட் ஸ்டோரேஜுக்குள் போனால் லேசாக இடித்தாலே விரிசல் விடும். பிபியின் ரப்பர் குணம் 0 டிகிரியை ஒட்டியே போய்விடுவதுதான் காரணம். இதற்கு டவ் நிறுவனத்தின் எங்கேஜ் 8200 குருணையை நம்பிச் சேர்க்கலாம். எத்திலீனும் ஆக்டீனும் இணைந்த, ரப்பர் போன்ற கோபாலிமர் (இரண்டு மூலப்பொருள் சேர்ந்த பாலிமர்), அடர்த்தி 0.870 கிராம்/க.செ.மீ., எம்.எஃப்.ஐ. (உருகிய நிலையில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதன் அளவு) 5. மைனஸ் 50 டிகிரி வரை விறைக்காது.

இது பிபியில் கரைவதில்லை. அதுதான் இதன் பலமே. நன்றாகக் கலந்தால் மைக்ரான் அளவுத் துளிகளாகப் பரவி, அடியின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். பிபியின் படிகங்களை அவ்வளவாகத் தொடாததால் உருகுநிலை 165 டிகிரி வாக்கிலேயே நிற்கும். ரேண்டம் கோபாலிமர் என்ற பிபி ரகத்தில் எத்திலீன் பிபி சங்கிலிக்குள்ளேயே புகுந்து படிகத்தைக் குலைப்பதால் உருகுநிலை 145 டிகிரி பக்கம் இறங்கிவிடும். சூடாக நிரப்பும் கலன் செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

25 கிலோ பிபிக்கு 5 கிலோவில் தொடங்குங்கள். 2 கிலோவில் பெரிய பலன் இல்லை. 8 கிலோவைத் தாண்டினால் விறைப்பு குறைந்து, அடுக்கிய கிரேட்டின் பக்கச்சுவர் பிதுங்கும். டால்க் (கனிமத் தூள்) 10% சேர்த்தால், படிகம் வளரக் கருவாகவும் நின்று விறைப்பை மீட்டுத்தரும்.

தொல்லை பெரும்பாலும் சூட்டில்தான். எங்கேஜ் 8200-இன் உருகுநிலை 60 டிகிரிகூட இல்லை. ஹாப்பர் டிரையரை (குருணை கொட்டும் தொட்டியின் உலர்த்தியை) வழக்கம்போல் 80 டிகிரியில் ஓட விட்டால் குருணை ஒட்டிக்கொண்டு, அது ஸ்க்ரூவுக்குள் இறங்கும் தொண்டையை அடைத்துவிடும், ஸ்க்ரூ வெறுமனே சுற்றும். டிரையரை அணையுங்கள்; தொண்டைக்குக் குளிர்நீர் கட்டாயம் ஓடட்டும். தகரக் கூரைக்கடியில் மூட்டைகளை உயரமாக அடுக்கினால் கோடையில் அடிமூட்டை கட்டிதட்டிப்போகும்.

கேட் (அச்சுக்குள் உருகிய பிளாஸ்டிக் நுழையும் வாய்) அருகே தோல் தோலாக உரிந்தால் கலவை போதவில்லை என்று பொருள். பேக் பிரஷரை (ஸ்க்ரூ பின்வாங்கும்போது கொடுக்கும் எதிரழுத்தத்தை) கூட்டி, இன்ஜெக்‌ஷன் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். பிபி மிகவும் நீர்த்து ஓடும் ரகமென்றால் துளிகள் உடையாமல் பெரிதாகவே நின்றுவிடும், அதற்கு எம்.எஃப்.ஐ. 30 உள்ள எங்கேஜ் 8400 பொருந்தும். பிபிக்கு 230 டிகிரியிலும் எங்கேஜுக்கு 190 டிகிரியிலும் எம்.எஃப்.ஐ. எடுப்பதால் இரண்டு எண்களையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்காதீர்கள்.

உள்ளே தெரியும் தெளிவான டப்பாவுக்கு எங்கேஜ் வேண்டாம், மங்கிவிடும். அங்கே எக்ஸான்மொபிலின் விஸ்டாமேக்ஸ் 6102 (புரோப்பிலீன் அடிப்படையிலான ரப்பர் போன்ற பாலிமர்) சரிவரும். ஆனால் அது பிபியோடு இழைந்து படிகமாவதைத் தாமதப்படுத்தும். கூலிங் நேரத்தைக் கூட்டாவிட்டால் எஜெக்டர் பின் (அச்சிலிருந்து டப்பாவைத் தள்ளும் கம்பி) தடம் பதியும்.