செம்மண்ணை எங்கே வைப்பது? நாலு பரப்புக் காணிக்கு மூன்று வழிகள்

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் மக்கியோ (தெருவுக்குப் போடும் கல்மண்) சுண்ணாம்புக்கல்லோ எடுக்கக் காணி கொடுப்பவர்கள் முதலில் பேசுவது காசு, அப்புறம் பெக்கோ (மண் அள்ளும் இயந்திரம்) எந்தப் பக்கத்தால் இறங்குவது என்பது. மேலே கிடக்கிற செம்மண்ணின் கதை கடைசியில்தான் வரும். அதையும் டிப்பரில் ஏற்றிவிடலாம் என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அதுதான் முதல் வழி: எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வழித்து விற்பது. ஒரு பரப்பில் (ஏக்கரில் பதினாறில் ஒன்று) ஓர் அடி ஆழச் செம்மண் கிட்டத்தட்ட 27 கியூப் (ஒரு கியூப் நூறு கன அடி). வீட்டுக் காணி நிரப்ப வாங்குபவர்கள் இருப்பதால் உடனே காசாகும். மிச்சம் கிடங்குதான், வெறும் பள்ளம். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் நின்றுபோனது. அதற்குக் கல் எடுத்த கிடங்குகள் இன்றும் தூராமல் கிடக்கின்றன. சின்னக் கிடங்கென்றால் ஊர்க்குப்பை வந்து விழும். நம் கிணற்று நீர் வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல்லுக்குள், உப்புநீரின் மேல் மிதந்து கிடக்கிறது. அதன் தலையில் குப்பை கொட்டிய பிறகு பக்கத்துத் தோட்டக்காரருக்கு என்ன பதில் சொல்வது?

இரண்டாவது, செம்மண் முழுவதையும் முதலிலேயே வழித்து ஓரமாகக் குவித்து, கல் எடுத்து முடிந்ததும் திரும்பப் பரவுவது. திட்டத்தில் எழுத அழகாக இருக்கும். நாலு பரப்பில் மூன்றை வெட்டினால் 81 கியூப். கிளறிய மண் பொங்கும் என்பதால் குவியல் 100 கியூப்பைத் தொடும். ஆறடிக்கு மேல் குவித்தால் அடியில் காற்றில்லாமல் மண் செத்துவிடும். சரிவு விட்டு, சராசரி நாலடி உயரத்தில் வைத்தால் மிச்சமுள்ள ஒரு பரப்பு குவியலுக்கே சரி. கல் எடுத்து முடிய ஒன்றிரண்டு வருசம் ஆகுமென்றால் சணல் விதைத்து மூட வேண்டும்; இல்லாவிட்டால் சோளகக் காற்றில் பறக்கும், கார்த்திகை மழையில் கரையும்.

மூன்றாவது, துண்டு துண்டாக வெட்டுவது. காணியை நாலு துண்டாகப் பிரித்து, முதல் துண்டின் செம்மண்ணை மட்டும் குவித்து வைக்கிறோம். அங்கே கல் எடுத்ததும் விலைபோகாத கல்லையும் சல்லியையும் அடியில் போட்டு, இரண்டாம் துண்டில் வழிக்கும் செம்மண்ணை நேரே அதன்மேல் பரவுகிறோம். இப்படியே போனால் குவித்து வைத்த 27 கியூப் கடைசித் துண்டுக்கு உதவும். மற்ற மண் ஒரே தடவைதான் கைமாறுகிறது. புழுவும் விதையும் உயிரோடு போய்ச் சேரும். பெக்கோக்காரருக்கு இது பிடிக்காது, அடிக்கடி இடம் மாற வேண்டும். டிப்பர் பாதையையும் முன்கூட்டியே குறிக்க வேண்டும். பரவிய மண்ணில் டிப்பர் ஏறினால் வேலை கெட்டது. ஒன்றிரண்டு பரப்புக்கு இது சரிவராது. நாலு பரப்போ அதற்கு மேலோ என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

எந்த வழியானாலும் ஈரமண்ணை வழிக்கக்கூடாது, பிசைந்து கட்டியாகிவிடும். ஆழம் இன்னும் முக்கியம். ஆவணியில் கிணற்றை எட்டிப் பார்த்து ‘தண்ணி கீழதானே’ என்று வெட்டினால் மார்கழியில் குளம்தான் கிடைக்கும். மாரிகால நீர்மட்டத்தைக் குறித்துவைத்து அதற்கு மேலேயே நிறுத்த வேண்டும்.

வடமராட்சி கிழக்கு மணலுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அங்கே மேல்மண் என்று வழிக்க ஒன்றுமில்லை. மணலைப் பிடித்து வைத்திருப்பது இராவணன் மீசைப் புல்லும் அடம்பன் கொடியும் சவுக்கும்தான். அவற்றைக் கிளப்பினால் திருப்பி வைக்க வழியில்லை. பிடிப்பு விட்ட மணல் என்ன செய்யும் என்பதற்கு மணற்காட்டில் புதைந்து கிடக்கும் பழைய அந்தோனியார் கோயிலே போதும். கூடக் காசு போனாலும் வன்னி ஆற்று மணலையோ கல்தூளையோ வாங்குங்கள், அதுவும் அனுமதிப்பத்திரம் உள்ளவரிடம்.

காணி கொடுப்பவர்களுக்கு ஒன்று: கல் எடுப்பவரிடம் ஒரு தொகையை வைப்பாக வாங்கி, செம்மண் பரவி முடிந்தபின்தான் திருப்பித் தருவதென்று எழுதிக்கொள்ளுங்கள். பெக்கோ லொறியில் ஏறிப் போய்விட்டால் பிறகு தொலைபேசிக்குக்கூட ஆள் பிடிபடாது.